தனகோட்டியின் வயிற்றுச் சனம்

புரட்டாசி மாதத்து முதல் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஊரே கொஞ்சம் கண்ணயர்ந்திருந்த மதியத்தில், களம்பாடியில் வயிறுகள் பேச ஆரம்பித்தன. பசி எடுத்தால் வயிறு உறுமுமே, அதைச் சொல்லவில்லை. அது எந்த ஊரிலும் நடக்கும். இது பேச்சு. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளேயிருந்து ஓர் இரைச்சல் வருமே, பெரிய கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் சிரித்து, சண்டை போட்டு, பிள்ளையை அதட்டி, பந்திக்கு ஆள் கூப்பிட்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரியாமல் வருகிற அந்த இரைச்சல், அது முதலில் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற காமாட்சியின் வயிற்றிலிருந்தும், பிறகு அவள் பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களின் வயிற்றிலிருந்தும், பிறகு மில் தெரு, ஏரிக்கரைத் தெரு, ஏரிக்கு அந்தப் பக்கம் என்று பரவிக்கொண்டே போய்ப் பல வயிறுகளிலிருந்தும் கேட்டது. காமாட்சி கையிலிருந்த சரத்தை முடித்து, நாரை அறுத்து, கூடையில் சுருட்டி வைத்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். "இன்னா அவசரம் உங்களுக்கு? ஊட்டுக்குப் போயி கூழ் ஊத்தறேன், இருங்க" என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த சரத்தை எடுத்தாள்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லி வைத்தவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. ஆரணியிலிருந்து கிழக்கே வருகிற பஸ்ஸில் ஏறினால், காற்றில் தவிட்டுத் தூசி மூக்கில் ஏறுகிற இடத்தில் இறங்கிக்கொள்ளலாம், அதுதான் களம்பாடி. எங்களுக்குத் தெரிந்த தொழில் அரிசி மில் ஒன்றுதான். நெல்லை அவித்து, உமி நீக்கி, தவிடு நீக்கி, போதாதென்று இன்னொரு முறை தீட்டி, முல்லைப்பூவோடு போட்டிக்கு வைக்கிற வெள்ளையில் அரிசியை அனுப்புவோம். அந்த வெள்ளையை நாங்களே மூன்று வேளையும் தின்றோம். கொஞ்சம் பழுப்பாக ஒரு பருக்கை இலையில் விழுந்தாலும், "இது மாட்டுக்கா, மனுசனுக்கா" என்று கேட்கிற வாய் எங்களுக்கு. ஆகவே நாற்பது வயது தாண்டிய ஆம்பளைகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. அதுவும் எங்கள் ஊர் விளைச்சல்தான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வாரத்துக்குள் வயிறு பேசுவது பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும்போது வயிற்றில் துண்டு கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் கீரை தின்று வயிற்றைச் சமாதானப்படுத்திக்கொண்டு போனார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பாடத் தெரியுமா என்று கேட்பது நின்று, "பொண்ணு வயித்த ஒரு நிமிசம் கேட்டுக்கலாங்களா" என்று மாப்பிள்ளையின் அம்மா காதை நீட்டுவது வழக்கமாயிற்று. உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றுச் சனம் என்று பெயர் வைத்தோம். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எப்போதும் அங்கேதான் இருந்திருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது போலத்தான் இருந்தது. வாய் இப்போதுதான் திறந்தது, அவ்வளவுதான்.

சங்கடம் எங்கே வந்தது என்றால், சில வயிறுகள் பேசவில்லை. மில் முதலாளிகள், மண்டிக்காரர்கள், வாத்தியார்கள், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்கள், வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்துத் தின்றவர்கள், இவர்கள் வயிற்றில் காதை வைத்தால் பாழடைந்த சத்திரம்தான். எப்போதாவது ஒரே ஒரு குரல், சோம்பலாக, "இனிப்பு இருக்குதா" என்று கேட்டுவிட்டு அடங்கிவிடும். அப்படிப்பட்ட வயிறுகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் சர்க்கரை நோயாளிகள் என்பது கொஞ்ச நாளில் தெரிந்துபோயிற்று, வயிற்றைக் கேட்டே யாருக்குச் சர்க்கரை என்று சொல்லிவிடலாம் என்ற நிலைமை வந்தது.

அப்படி ஊமை வயிறு வாய்த்தவர்களில் பெரியவர் ஏகாம்பரம். ஊரிலேயே பழைய மில் அவருடையது, மில் முதலாளிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாத மனிதர். அவர் மனைவி தனகோட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் தனகோட்டி சாப்பிட்டாள். அவர் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள், அந்த அம்மாவின் மாமியாரும் அப்படித்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அதுதான் பழக்கம், அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஏகாம்பரம் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. விரால் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டைத் தொடாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார், முட்டையில் மஞ்சள் கருவை விட்டு வைப்பார். வாயைத் திறந்து அன்பாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர் அந்தத் தட்டில்தான் எல்லாவற்றையும் சொன்னார். தனகோட்டிக்கும் அது புரிந்தது.

ஆனால் மீன் துண்டு மட்டும் வயிற்றை நிறைக்காதே. வேலையாட்கள், விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்போது வெள்ளைச் சோறு தீர்ந்துபோயிருக்கும். அவள் தனக்கென்று தவிட்டோடு கிடக்கிற குருணையை வேகவைப்பாள், கொல்லையில் முளைத்த கீரையைக் கிள்ளிப் போடுவாள், முந்தின நாள் சோற்றில் ஊற்றி வைத்த நீராகாரத்தைக் குடிப்பாள், மில்லுக்கு வேலைக்கு வருகிற பெண்கள் கொண்டுவருகிற கேழ்வரகுக் களியில் ஒரு உருண்டை வாங்கிக்கொள்வாள். மாட்டுக்குப் போக வேண்டியதெல்லாம் அவளுக்குப் போயிற்று. அதனால்தானோ என்னவோ, தனகோட்டியின் வயிறு மாதிரி எங்கள் ஊரில் இன்னொரு வயிறு பேசவில்லை. தேர்த் திருவிழாக் கூட்டம் அது. மதியம் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, வெயில் முற்றத்தில் சாய்ந்த பிறகும் அவள் சாப்பிடாமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால், உள்ளேயிருந்து அத்தனை பேரும் ஒரே குரலாக, "தனகோட்டி, சாப்ட்டியா?" என்று கேட்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் கேட்கும். ஏகாம்பரத்துக்கு அது பிடிக்காது. "வாய மூடச் சொல்லுடி" என்பார். அவள் முந்தானையை இழுத்து வயிற்றைச் சுற்றிக்கொள்வாள்.

கார்த்திகையில் பஸ் கண்டக்டர் காசிலிங்கத்துக்குச் சர்க்கரை இறங்கியது. அவர் வயிறு ஊமை என்று ஊருக்கே தெரியும். போளூர் தாண்டி பஸ் நின்றுபோன ஒரு நாள், டிரைவர் அந்தோணி தின்றுவிட்டு மிச்சம் வைத்த களியை, அதே டப்பாவில், பசி தாங்காமல் காசிலிங்கம் தின்றிருக்கிறார். ருசி பிடித்துப்போய் தினமும் தின்றிருக்கிறார். கொஞ்ச நாளில் அவர் வயிற்றில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு ஒரு கூட்டமே பேசியது, டிரைவருடைய வயிறு பேசுகிற அதே பேச்சு.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஷகீலா அவருக்கு ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் சோதித்துப் பார்த்துவிட்டு, வெளியே கூடி நின்ற எங்களுக்கு விளக்கினார். "நம்ம எல்லார் குடல்லயும் கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. நம்மால செரிக்க முடியாத நாரு, தவிடு, தோலு, அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. அதைத் தின்னுட்டு அதுங்க உண்டாக்கற சில பொருள்தான் சர்க்கரை ஏறாம பாத்துக்க ஒத்தாசை பண்ணுது. நீங்க தவிட்டையெல்லாம் தீட்டிட்டீங்க. பட்டினி கிடந்து பாதி அழிஞ்சுபோச்சு. மத்த இடத்துல, நல்லா இருக்கறவங்க மலத்துலேர்ந்து அதைப் பிரிச்சு எடுத்து, நோயாளி குடலுக்குள்ள விட்டுப் பாக்கறாங்க. சில குடல் நோய்க்குக் கேக்குது. சர்க்கரைக்கு இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இந்த ஊர்ல எச்சில்லயே நடக்குது. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க."

மலம் என்ற வார்த்தையைக் கேட்டு முகம் சுளித்தவர்களுக்கெல்லாம், அதற்கு எச்சில் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. ஆனால் யார் எச்சில்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஊமை வயிற்றுக்காரர்கள் முதலில் தங்கள் பிள்ளைகள் தட்டில் தின்று பார்த்தார்கள், பிள்ளைகளோ பிஸ்கட்டும் நூடுல்ஸும் தின்று அப்பனைவிட ஊமையாக இருந்தார்கள். மடத்துச் சாமியார் மிச்சம் வைத்ததைப் பிரசாதம் என்று வாங்கித் தின்றார்கள், சாமியார் வயிற்றிலிருந்தும் இனிப்பு கேட்கிற அந்த ஒரே குரல்தான் வந்தது. பேசுகிற வயிறெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது, அல்லது தங்கள் சொந்த வீட்டு அடுப்படியில் இருந்தது. முன்னதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் கொல்லை வழியாக வந்து, பாதி தின்று, முகத்தைக் காட்டாமல் போய்விட வேண்டும். தட்டை வாழை இலையால் மூடி உள்ளே கொண்டுவந்து வைப்பார்கள். யார் எச்சில் என்று கேட்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர்கள் இதைச் செய்தார்கள். ஆனால் பொண்டாட்டி தின்ற தட்டில் கை வைக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அது மட்டும் முடியாது என்றார்கள். எங்களுக்கு வெட்கம் எங்கே இருக்கிறது பாருங்கள்.

ஏகாம்பரம் இரண்டுக்கும் ஒப்பவில்லை. அதற்குள் அவருடைய இடது கால் சுண்டு விரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது. தனகோட்டி அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"ஐயா, விரலை எடுத்துத்தான் ஆகணும். இப்படியே விட்டா அடுத்தது பாதம், அப்புறம் கால்" என்றார் ஷகீலா.

"ஊசிதான் போட்டுக்கினு கீறேனே டாக்டரம்மா."

"ஊசியும் வேணும், மாத்திரையும் வேணும். அதோட, இந்த ஊருக்குன்னு ஒரு வழி திறந்திருக்கு, அதை ஏன் விடறீங்க? உங்க வீட்டம்மா வயித்தைக் கேளுங்க, இந்த ரூம்ல என் பேச்சே எடுபடலை. அவங்க சாப்பிட்ட தட்டுல கொஞ்ச நாள் சாப்பிடுங்க."

ஏகாம்பரம் சிரித்தார். "எங்க ஊட்ல அந்தப் பழக்கம் கெடையாது. அவதான் என் தட்ல துன்னுவா."

வீட்டுக்கு வந்து, புண்ணைத் துடைத்துத் துணி கட்டியபடியே தனகோட்டி கேட்டாள். "ஒரே ஒரு தாட்டி துன்னு பாருங்க. கதவச் சாத்திடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடி."

"உங்க கால விடவா?"

"எங்கம்மா எங்கப்பா தட்ல துன்னா. அந்தத் தட்டத் திருப்பிப் போடச் சொல்றியா? அதுக்கு நான் காலையே குடுத்துட்டுப் போறேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. தராசில் எடை சொல்வது போலச் சொன்னார், அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

தை மாதம் விரல் போயிற்று. பக்கத்து விரலும் நிறம் மாறத் தொடங்கியபோது தனகோட்டி, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். சமைத்து இறக்கியதும், அடுப்படிக் கதவை ஒருக்களித்துவிட்டு, அவருக்குப் போட்ட சோற்றில் முதல் கவளத்தை அவள் எடுத்துத் தின்றாள். குழம்பை வாயில் வைத்துவிட்டு அதே கரண்டியைக் குழம்பில் விட்டாள். பொரியலில் கடித்த துண்டை மற்றதோடு கலந்தாள். சூடாக இருக்கும்போது சோற்றுக்கு ஒரு வாசனை உண்டு என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அது தெரிந்ததில் வந்த சந்தோஷத்துக்காகவே அவளுக்கு அழுகை வந்தது. பாவம் செய்கிறோம் என்று நினைத்தாள், அடுத்த கவளத்தையும் எடுத்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, எதுவும் நடக்காதவள் போல அவருக்குப் பரிமாறினாள், அவர் ஒதுக்கி வைத்ததை எப்போதும் போல அவர் தட்டில் தின்றாள்.

மாசி முடிவதற்குள் ஏகாம்பரத்தின் வயிற்றில் ஒரு முனகல் கேட்டது. பிறகு இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பங்குனியில் சந்தை கூடியது. சர்க்கரை இறங்கியது, விரல் நிறம் திரும்பியது, வெட்டின இடத்தில் புதுத்தோல் மூடியது. அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு ஆட்டோவில் கிரிவலம் போய் வந்ததன் பலன் என்று ஊரெல்லாம் சொன்னார். மில்லில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கி, "காத வெச்சுக் கேளுடா" என்பார். கேட்டவன், "இன்னா சத்தம் முதலாளி!" என்பான். அவருக்கு மனசு குளிர்ந்துபோகும். ஷகீலா படித்துப் படித்துச் சொல்லியும் ஊசியையும் மாத்திரையையும் அவராகவே நிறுத்திவிட்டார். தனகோட்டி அந்த நாட்களில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு குறைந்திருந்தது. பயந்து பயந்துதான் என்றாலும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வைகாசியில் ஏகாம்பரம் மில்லுக்குப் புது பாலிஷ் மிஷின் வாங்கினார். அரிசியை இன்னும் வெள்ளையாக்குகிற மிஷின். சங்கத்து முதலாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள், பந்தல், மாலை, தேங்காய், மைக் எல்லாம் இருந்தது. மிஷினை ஓட்டிக் காண்பித்து, பல் மாதிரி மின்னுகிற அரிசியை ஒரு கை அள்ளி எல்லாருக்கும் காட்டிவிட்டு, பேசுவதற்காக மிஷினை நிறுத்தச் சொல்லி மைக்கைப் பிடித்தார் ஏகாம்பரம். சத்தம் ஓய்ந்தது. உச்சி சாய்ந்த வேளை அது. அவர் வாயைத் திறப்பதற்குள், அவர் வயிற்றிலிருந்து, திருவிழாக் கூட்டம் அத்தனையும் ஒரே குரலாக, மைக்கில், மில் தெரு முழுக்கக் கேட்கும்படி, "தனகோட்டி, சாப்ட்டியா?" என்று கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. மில் தெருவில் அந்தக் கேள்வி எந்த வயிற்றினுடையது என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. சங்கத்து முதலாளிகளில் நாலைந்து பேர், சமீபத்தில் வயிறு பேச ஆரம்பித்தவர்கள், மெதுவாகத் தங்கள் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். தங்களுக்குள்ளே கேட்கிற குரல் யாருடையது என்று அப்போதுதான் யோசித்திருப்பார்கள். ஏகாம்பரம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அரை ஈரத்தில் காய்ந்துகொண்டிருந்த களத்து நெல்லை மிதித்தபடி வீட்டுக்கு நடந்தார்.

"இன்னாடி செஞ்ச?" என்றார்.

தனகோட்டி மறைக்கவில்லை. "நான் மொதல்ல துன்னுட்டு உங்களுக்குப் போட்டேன். கால் நல்லாயிடுச்சி இல்லீங்களா."

"ஊரே பாத்துது."

"ஊருக்கா வெட்டுவாங்க காலை?"

அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. மருந்துக் கடைக்குப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, வயிற்றின் வாயை மூட மருந்து இருக்கிறது. கிருமியைக் கொல்கிற மாத்திரைகளில் எது வீரியமோ அதைக் கேட்டு வாங்கினார். அவருக்கு முன்னாலேயே அங்கே சங்கத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். விஷயம் கேள்விப்பட்டு ஷகீலா வீட்டுக்கே ஓடி வந்தார். "அது நோய்க் கிருமியைக் கொல்ற மாத்திரை ஐயா, உங்களுக்கு இப்ப எந்தக் காய்ச்சலும் இல்லை. உள்ள இருக்கறதெல்லாம் செத்துப்போகும். மறுபடி வராமலே போகலாம்." ஏகாம்பரம் எழுந்து நின்று கும்பிட்டு, "காபி சாப்புட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் மதியம் தட்டில் தயிர்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாத்திரைகளை உரித்துத் தட்டின் ஓரத்தில் குவித்தார். பாதியை விழுங்கினார், பாதிச் சோற்றைத் தின்றார். எழுந்து கை கழுவப் போனார். மீதிச் சோறும் மீதி மாத்திரைகளும், விரால் மீனின் நடுத்துண்டு எப்போதும் இருக்கிற ஓரத்தில் இருந்தன. அவர் வேண்டுமென்று வைத்தாரா, கைப்பழக்கத்தில் வைத்தாரா என்பதில் எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. தனகோட்டி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள், அவர் விட்டு வைத்ததை ஒன்று விடாமல் தின்றாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த நாளும் அப்படியே நடந்தது, மருந்து தீரும்வரை நடந்தது.

வயிற்றுச் சனம் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் பிள்ளைகள் குரல் போயிற்று. பிறகு சிரிப்பு போயிற்று. பிறகு சண்டை போடுகிறவர்கள் போனார்கள், கூப்பிடுகிறவர்கள் போனார்கள், சந்தை முடிந்து தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டுகிற மாதிரி சில நாள் ஏதோ கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பெண்கள் அழுதார்கள். மற்ற வீடுகளிலும் அந்த மாதம் அதேதான் நடந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் கொல்லை வழியாக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். "மருந்து போட்டுக் கொல்றதுக்கா எங்க வயித்தக் குடுத்தோம்?" என்று அவர்களில் ஒருத்தியான காமாட்சி பஸ் ஸ்டாண்டில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

ஆனி மாதம் புண் திறந்துகொண்டது. இந்த முறை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, பாதத்தில் ஏறி, கணுக்காலில் ஏறி, கெண்டைக்கால்வரை வந்தது. வேலூருக்குக் கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அங்கே துணைக்கு இருந்த தனகோட்டிக்கு அடிக்கடி தாகம் எடுப்பதைப் பார்த்து அவளுக்கும் ரத்தம் சோதித்தார்கள். அவளுக்கும் சர்க்கரை ஏறியிருந்தது. அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை, ஷகீலாதான் ஊருக்கு வந்ததும் சொன்னார். ஏகாம்பரம் அதைக் கேட்டு அழுதார். அவர் அழுததை முதன்முதலாக அன்றைக்குத்தான் தனகோட்டி பார்த்தாள்.

அடுத்த நாள் மதியம், அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, தனகோட்டி தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீ மொதல்ல துன்னு" என்றார் ஏகாம்பரம்.

அவள் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"உக்காரு. எதிர்ல உக்காந்து துன்னு. கதவத் தொறந்து போடு, தெருவுல போறவன் பாக்கட்டும்."

அவள் கதவைத் திறந்தாள். உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, பாதியைத் தின்றாள். அவர் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவள் தட்டின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. இனிமே இதுல ஒண்ணும் இல்ல" என்றாள். "வெறும் எச்சிதான்."

தெருவில் போய்க்கொண்டிருந்த நாங்கள் நின்றுவிட்டோம். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிசைந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. கடைசிப் பருக்கைவரை தின்றார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டோம். அவர் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.